சிம்பாங் வரை இரண்டு கட்டை

(ஈப்போவில் நிகழ்த்திய ஆண்டு அறக்கட்டளைச் சொற்பொழிவின் சுருக்கிய அச்சு வடிவம். மேடையில் இடைவந்த வேடிக்கைப் பேச்சுகள் சில நீக்கப்பட்டுள்ளன.)



சங்க இலக்கியத்தையும் சைவ சித்தாந்தத்தையும் அறிஞர்கள் விரித்துரைத்த இம்மேடையில் நான் பஸ்ஸையும் ரயிலையும் பற்றிப் பேசப் போவதாகக் கடிதம் எழுதியபோது, அமைப்பாளர்களில் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, “ஐயா, தலைப்பில் ஏதோ கைத்தவறு நேர்ந்துவிட்டது போலிருக்கிறதே” என்றார். கைத்தவறு எதுவும் இல்லை என்று அவருக்குச் சமாதானம் சொன்னேன். தமிழன் இந்த நாட்டுக்குப் பிரயாணியாக வந்தவன். அவன் எதில் ஏறி வந்தான், எதில் ஏற இடம் கிடைக்காமல் நின்றான் என்பது அவனுடைய சரித்திரத்தில் சிறிய அத்தியாயம் அன்று.

பேச்சைத் தொடங்குமுன் அவையினரிடம் ஒரு கேள்வி கேட்டேன். அதை அச்சிலும் விட்டுவைக்கிறேன். இம்மண்டபத்துக்கு இன்று பஸ்ஸில் வந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றேன். இருநூறு பேர் இருந்திருப்பார்கள். இரண்டு கைகள் எழுந்தன. ஒன்று, கல்லூரியில் படிக்கும் இளைஞன் ஒருவனுடையது. மற்றது, பின்வரிசைக்கும் பின்னால், தேநீர்க் குவளைகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மையாருடையது. அவரும் அவையைச் சேர்ந்தவர்தானா என்ற ஐயத்துடனேயே அந்தக் கை பாதியில் நின்றது.

தலைப்பில் உள்ள இரண்டு சொற்களைத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் விருந்தினருக்காக விளக்கிவிடுகிறேன். மைல் கல்லைக் ‘கட்டை’ என்றும், அதனாலேயே ஒரு மைல் தூரத்தை ஒரு கட்டை என்றும் சொல்வது நம் வழக்கம். நாடு கிலோமீட்டருக்கு மாறிப் பல ஆண்டுகள் ஆகியும் நம் பெரியவர்கள் கட்டையிலேயே கணக்குப் பார்க்கிறார்கள். ‘சிம்பாங்’ மலாய்ச் சொல். கிளைச்சாலை பெருஞ்சாலையைத் தொடும் முச்சந்தி. தோட்டத்து லயத்திலிருந்து சிம்பாங் வரை சில தோட்டங்களில் ஒரு கட்டை, சிலவற்றில் ஐந்து கட்டை. நான் பிறந்த தோட்டத்தில் இரண்டு. ஒரு நாட்டுப் போக்குவரத்தின் தராதரத்தை அந்த இரண்டு கட்டையைக் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பதும், நம் ஜனங்களைப் பொறுத்தவரை அந்த இரண்டு கட்டை இன்றளவும் கடக்கப்படவில்லை என்பதுமே இன்று நான் முன்வைக்கும் கருத்து.

1

இந்த மாநிலத்தின் வழிகள் யாருக்காக வெட்டப்பட்டன என்ற கேள்வியிலிருந்து தொடங்குவோம்.

மலாய் மாநிலங்களின் முதல் ரயில் பாதை 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி, நம்முடைய பேராக்கிலே, தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை திறக்கப்பட்டது. நீளம் எட்டுக் கட்டை. லாருட் சுரங்கங்களின் ஈயத்தைக் கடலோரத்துக்குக் கொண்டுபோய்க் கப்பலேற்றுவதே அதன் பிரயோஜனம். அதைத் தொடர்ந்து 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றை நோக்கியும், 1891-ல் சிரம்பானிலிருந்து போர்ட் டிக்சனுக்கும், 1893-ல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கும் பாதைகள் அமைந்தன. தெலுக் ஆன்சன் என்பது இன்றைய தெலுக் இந்தான். வரைபடத்தை விரித்து இந்த நான்கையும் பார்த்தால் ஒன்று பளிச்சென்று புலப்படும்: நான்கும் கிழக்கிலிருந்து மேற்காக, சுரங்கத்திலிருந்து கடலுக்கு ஓடுகின்றன. ஓர் ஊரிலுள்ள மனிதன் இன்னோர் ஊரிலுள்ள உறவினனைப் பார்க்கப் போகவேண்டுமென்றால் வடக்கு தெற்காக அல்லவா போக வேண்டும்? பிறையிலிருந்து சிரம்பான் வரை அந்த நெடும்பாதை ஒன்றாக இணைந்தது 1903-ல்தான். ஈயம் முதலில் ஊர் போய்ச் சேர்ந்தது; மனிதன் பதினெட்டு ஆண்டுகள் காத்திருந்தான்.

அந்த முதல் எட்டுக் கட்டைக்கு மண் வெட்டிச் சரளை கொட்டியவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைத் தொழிலாளர்கள். பின்வந்த பாதைகளில் தண்டவாளக் ‘கேங்’குகளில் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் வெயிலில் நின்றார்கள், யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் வெள்ளைக் கோட்டணிந்து ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் கிராணிகளாகவும் நிழலில் அமர்ந்தார்கள். ஒரே பாதையில் ஒரே மொழி பேசிய இவ்விரு சாராரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை.

போர்ட் வெல்ட் இன்று கோல செப்பெத்தாங். தண்டவாளம் இல்லை, ரயில் இல்லை. டிக்கட் கொடுத்த இடத்தருகே பழைய நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம் ஆகியவற்றோடு தமிழ் எழுத்தும் உண்டு. நண்டும் இறாலும் உண்ண வரும் சுற்றுலாக்காரர்கள் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். தெலுக் இந்தான் கிளையும் மறைந்துவிட்டது. அந்தப் பாதையில்தான் 1894 செப்டம்பர் 17-ஆம் தேதி, தன் கூட்டத்தைக் காக்க நின்ற காட்டு யானை ஒன்று ரயிலை முட்டித் தடம்புரளச் செய்து உயிர் நீத்தது. அந்த யானைக்கு அங்கே நினைவுப் பலகை வைத்திருக்கிறார்கள். பாதை போட்டவர்களின் பெயரைத் தாங்கிய பலகையை நான் எங்கும் கண்டதில்லை. யானையிடம் எனக்குப் பொறாமை இல்லை, செய்தியாகச் சொல்கிறேன்.

2

1877-ல் ஹியூ லோ என்னும் ஆங்கில அதிகாரி கோலகங்சாரில் நட்டு வளர்த்த ரப்பர்க் கன்றுகள் நாளடைவில் இந்த மாநிலத்தின் முகத்தையே மாற்றின. ஈயத்துக்குப் போட்ட பாதைகளோடு ரப்பருக்கு வேண்டிய பாதைகளும் சேர்ந்தன. ரப்பர்ப் பாலை எடுத்துச் செல்ல வழி அமைத்தவர்கள், பால்மரம் வெட்டும் கைகளை அதே வழியாக இறக்குமதி செய்தார்கள்.

‘இறக்குமதி’ என்ற சொல்லைக் கோபத்தில் உபயோகிக்கவில்லை. 1907-ல் முதலாளிமார் செலுத்தும் தீர்வையைக் கொண்டு தமிழர் குடியேற்ற நிதி என்றே பெயர் சூட்டப்பட்ட நிதி ஒன்று ஏற்பட்டது. கப்பல் கூலி, முகாம் செலவு, ரயில் கட்டணம் யாவும் அந்த நிதியின் கணக்கில் எழுதப்பட்டன. நாகப்பட்டினத்தில் ஏறி, ஏறக்குறைய ஒரு வாரம் தளத்துப் பிரயாணியாகக் காற்றிலும் உப்பிலும் கிடந்து, பினாங்கை அடைந்து, ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்க் காவலில் இருந்து, பிறையில் ரயிலேறி, ஏதோ ஒரு நிலையத்தில் இறங்கி, லோரியிலோ மாட்டு வண்டியிலோ கால்நடையாகவோ லயத்தை அடைந்த அந்த மனிதன், இத்தனை நெடும் பிரயாணத்தில் ஒரு சீட்டைக்கூடத் தன் கைக்காசால் வாங்கியவன் அல்லன். பார்சலில் விலாசம் எழுதி ஒட்டுவதுபோல் கங்காணியின் கையில் அவன் பெயர்ப்பட்டியல் இருந்தது. 1926-ல் கட்டப்பெற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய ‘ரஜூலா’ கப்பலை நம்மவர் பாசத்தோடு நினைவுகூர்வார்கள். ஆயினும், 1938-ல் இந்திய அரசாங்கம் உதவிப்பயணக் குடியேற்றத்தை நிறுத்தும்வரை அதிலும் பலர் சரக்குக் கணக்கில்தான் வந்தார்கள்.

மனிதனைச் சரக்காகக் கருதும் இந்த எண்ணத்தின் கொடிய எல்லையைக் கண்டது ஜப்பானியர் காலம். 1942, 43-ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை அமைக்க, மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரமாயிரமாகத் திரட்டினார்கள். ஏற்றியது சரக்குப் பெட்டிகளில். இரும்புச் சுவர் பகலில் காயும், இரவில் சில்லிடும், உட்கார இடமில்லாமல் நின்றவர்கள் நின்றபடியே உறங்கியதாகத் திரும்பி வந்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். போனவர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. ஆர். சண்முகம் அவர்கள் ‘சயாம் மரண ரயில்’ என்ற நாவலில் அக்காலத்தை எழுதியிருப்பதால் நான் விரிக்க வேண்டியதில்லை. ஒன்று மட்டும். எங்கள் லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். ரயில் ஊதும் சத்தம் தூரத்தில் கேட்டால், பேசிக்கொண்டிருந்த வாக்கியத்தை நிறுத்திவிடுவார். சத்தம் தேய்ந்த பிறகே தொடர்வார். ஏன் என்று சிறுவயதில் கேட்டதற்கு என் தாயார் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். அதுவே விடை.

3

இனி அந்த இரண்டு கட்டைக்கு வருகிறேன். அவையினர் சற்றுப் பொறுமையாக என்னுடன் நடந்து வரவேண்டும்.

சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில், நான் எட்டு ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்த காலம். அவசர காலச் சட்டம் இன்னும் நடைமுறையில் இருந்தது. 1948 ஜூன் 16-ஆம் தேதி தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டு அவசர காலம் பிறந்ததே எங்கள் வட்டாரத்தில்தான் என்பதால், எங்கள் பக்கம் கெடுபிடி அதிகம். சம்பளம் போட்ட மறு ஞாயிற்றுக்கிழமை என் தாயார் பட்டணம் போவார். விடியற்காலையிலேயே எழுந்து குளித்து, பெட்டிக்குள் பாச்சா உருண்டை வாசனையோடு மடிந்துகிடக்கும் புடவையை உடுத்து, ஒரு கையில் குடையும் மறுகையில் துணிப்பையுமாகக் கிளம்புவார். பைக்குள் முதலில் வைப்பது தம்முடைய செருப்பு, பிறகு என்னுடைய செருப்பு. செம்மண் சாலையில் செருப்போடு நடந்தால் மழைநாளில் வார் அறுந்துவிடும்; வெயில்நாளில் சிவந்துவிடும். ஆகையால் இரண்டு கட்டையும் வெறுங்கால்.

பாதையின் இருபுறமும் பால்மரம். வெளிச்சம் சல்லடையில் விழுவதுபோல் விழும். மங்குகள் கவிழ்ந்தபடி கம்பியில் தொங்கும். முதல் கட்டை முடிகிற இடத்தில் வாசற்காவல். அங்கே பெண்களைத் தனியே நிறுத்தி மடியையும் பையையும் சோதிப்பார்கள். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி போய்விடக்கூடாது என்பதற்கான சோதனை. திரும்பி வரும்போது வாங்கி வந்த சாமான்களையும் கொட்டிக் கவிழ்த்துப் பார்ப்பார்கள். ஒருமுறை எனக்கென்று வாங்கிய கச்சான் பூத்தே பொட்டலம் காவலாளியின் மேசைமேல் அவிழ்ந்து உருண்டது. அதை அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தந்தார் என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும்.

சிம்பாங்கில் ஒரு மதகுப் பாலம், கீழே ஓடை. அங்கே இறங்கி, முழங்கால் வரை படிந்த செம்மண்ணைக் கழுவி, புடவைத் தலைப்பால் என் காலைத் துடைத்து, பைக்குள்ளிருந்த செருப்பை எடுத்து மாட்டிவிடுவார். தாமும் மாட்டிக்கொண்டு, குடையை மடக்கி, தலைமுடியைத் தடவிச் சரிசெய்து, சாலையோரம் நிமிர்ந்து நிற்பார். எங்கள் தோட்டத்தில் ‘மரம் வெட்டும் பொம்பளை’யாக இருந்தவர், அந்தப் பாலத்தடியில் பஸ் பிரயாணியாக மாறுவார். பஸ்ஸில் சீனர், மலாய்க்காரர், பட்டணத்துத் தமிழர் எல்லோரும் இருப்பார்கள். அவர்கள் முன்னிலையில் செம்மண் காலோடு ஏற அவருக்குச் சம்மதமில்லை. கோலகங்சாரிலிருந்து ஈப்போ நோக்கி வரும் பஸ், கை காட்டினால் எங்கு வேண்டுமானாலும் நிற்கும். கண்டக்டர் பலகையில் அடுக்கிய வண்ணவண்ணச் சீட்டுகளில் ஒன்றைக் கிழித்து, ‘டக்’ என்று துளை போட்டுக் கொடுப்பார். சீட்டை என் தாயார் திரும்பி வந்த பிறகும் எறியமாட்டார். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பார். அவருடைய மாமனார் கையில் ஒரு சீட்டும் இல்லாமல் கடல் கடந்து வந்தவர் என்பதை அப்போது நான் இணைத்துப் பார்க்கவில்லை.

பகலில் அந்தப் பாதை ஓர் உல்லாசம். இரவில் அப்படி அன்று. என் தங்கைக்கு ஜன்னி கண்ட இரவில், ஊரடங்கு நேரம் என்பதால் பாதையில் நடக்கவும் கூடாது. தோட்டத்து வண்டியை எடுக்கத் துரையின் உத்தரவு வேண்டும். உத்தரவு கேட்கக் கிராணியை எழுப்ப வேண்டும். கிராணியை எழுப்ப மண்டோருக்குத் துணிவு வரவேண்டும். விடிந்தது. காலையில் பால் எடுக்க வந்த லோரியில், பால் டாங்கியின் பக்கத்தில், கித்தான் விரித்துக் கிடத்தி எடுத்துச் சென்றார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள், இன்று பேரப்பிள்ளைகளோடு தைப்பிங்கில் இருக்கிறாள். பிழைக்காதவர்கள் பிற லயங்களில் இருந்தார்கள்.

அந்த லோரி ஒருநாளும் வரத் தவறியதில்லை என்பதை அன்று கவனித்தேன். மழையோ வெள்ளமோ, பால் கெட்டுப்போகும் என்பதால் சாலையைச் செப்பனிட்டாவது லோரி உள்ளே வந்துவிடும். தோட்டத்துக்குள் தானாக நுழைந்த வண்டி அது ஒன்றே. எடுத்துச் செல்ல வந்த வண்டி அது. ஏற்றிச் செல்ல வந்த வண்டி ஒன்றும் இல்லை. இன்றைய பேச்சின் மையம் இந்த வேற்றுமையிலேயே இருக்கிறது.

4

பிறகு சைக்கிள் வந்தது. ராலே சைக்கிள் ஒன்று வாங்க எத்தனை மாதச் சம்பளத்தைச் சீட்டுக் கட்ட வேண்டியிருந்தது என்பதை அக்காலத்தவர் அறிவார்கள். ஆனால் சைக்கிள் ஆண்பிள்ளையின் வண்டியாகவே இருந்தது. புந்தோங்கிலிருந்து கச்சான் பூத்தே வியாபாரிகள் தட்டைத் தலையில் வைத்தும் சைக்கிளில் கட்டியும் தோட்டம் தோட்டமாக வந்தார்கள். அவர்கள் வழியாகப் பட்டணம் கொஞ்சம் எங்களிடம் வந்தது, நாங்கள் பட்டணம் போகவில்லை.

அதற்கடுத்து, ‘கப்சாய்’ என்று செல்லமாக அழைக்கப்படும் சிறு மோட்டார் சைக்கிள். இரண்டு கட்டையை ஐந்து நிமிஷமாகச் சுருக்கியது அதுதான் என்பதை மறுக்கமாட்டேன். அதற்குக் கொடுத்த விலையையும் மறக்கமாட்டேன். இந்நாட்டுச் சாலைகளில் மாண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். பஸ் வராத ஊரில் இளைஞன் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை ஆசை என்று சொல்வது சுலபம். அநேக வீடுகளில் அது நிர்ப்பந்தம்.

இன்னொரு வண்டியும் உண்டு. அனுமதிச் சீட்டு இல்லாமல் ஆள் ஏற்றும் சொந்தக் காருக்கு மலாயில் ‘கெரெத்தா சாப்பு’ என்று பெயர். ‘சாப்பு’ என்றால் பெருக்குவது. வழியில் நிற்பவர்களையெல்லாம் பெருக்கி அள்ளிக்கொண்டு போகும் வண்டி. ஐந்தாறு பேரைத் திணித்துக்கொண்டு, போலீஸைக் கண்டால் எஸ்டேட் குறுக்குப் பாதையில் திரும்பிவிடும். பிரசவ வேதனையில் துடித்த எத்தனையோ பெண்களை ஆஸ்பத்திரி வாசலில் இறக்கியது அது. மனிதனைத் தேடி லயத்து வாசல் வரை வந்த ஒரே வண்டி, சட்டத்துக்குப் புறம்பான வண்டியாக இருந்தது என்பதைச் சரித்திர ஆசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

5

தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், ரப்பர் போய்ச் செம்பனை வந்ததையும், லயங்கள் இடிக்கப்பட்டு வீடமைப்புப் பகுதிகள் எழுந்ததையும் இந்த அவைக்கு நான் சொல்லத் தேவையில்லை. தோட்டமே போனபின் இரண்டு கட்டையும் போயிருக்க வேண்டும் அல்லவா? போகவில்லை. இடம் மாறிற்று.

ஐம்பது, அறுபதுகளில் நான் கண்ட பெருஞ்சாலை, தஞ்சோங் மாலிம், பீடோர், தாப்பா, கம்பார், கோப்பெங், ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் என்று ஊர்களின் வயிற்றுக்குள்ளேயே ஓடியது. ஒவ்வொரு சிம்பாங்கும் ஒரு நிறுத்தம். 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறக்கப்பட்டபோது நாடு பெருமைப்பட்டது, நியாயமான பெருமை. ஆனால் அது கை காட்டி நிறுத்த முடியாத சாலை. தொலைதூர பஸ்கள் அதில் ஏறிப் போய்விட்டன. பழைய சாலையில் நின்ற கை நின்றபடியே இருந்தது. ஈப்போவிலும் தொலைதூர பஸ் நிலையம் மேடான் கோப்பெங்கை விட்டு, நகருக்கு வடக்கே பத்துக் கிலோமீட்டர் அளவில் உள்ள மேரு ராயாவுக்கு, அமான்ஜெயா என்ற பெரிய மாளிகைக்குப் போயிற்று. குளிர்சாதனம் உண்டு, கடைகள் உண்டு. கம்பாரிலிருந்து பஸ்ஸில் வந்து, கோலாலம்பூருக்கு இன்னொரு பஸ் பிடிக்க வேண்டிய கிழவிக்கு, அந்தப் பத்துக் கிலோமீட்டர்தான் புதிய இரண்டு கட்டை.

ரயிலைப் பற்றியும் இவ்வாறே. ஹப்பக் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து 1917-ல் நிறைவுற்ற நம் ஈப்போ ரயில் நிலையத்தைத் தாஜ்மகால் என்று ஊரார் அழைப்பது மிகையாயினும், வெள்ளை மாடங்களில் மாலை வெயில் படும்போது அந்த மிகையை மன்னிக்கத் தோன்றும். 2010 ஆகஸ்டு முதல் மின்சார விரைவு ரயில் ஈப்போவையும் கோலாலம்பூரையும் இரண்டரை மணி நேரத்துக்குள் இணைக்கிறது; நேற்று நானும் அதிலேதான் வந்தேன்; சாய்வு நாற்காலியில் சாய்ந்து, இந்தச் சொற்பொழிவின் குறிப்பைத் திருத்திக்கொண்டே வந்தேன். நிலையத்தில் இறங்கி, ஊரின் மறுபுறத்திலுள்ள உறவினர் வீட்டுக்குப் போக முக்கால் மணி நேரம் நின்றேன். கைத்தொலைபேசியில் கார் அழைக்க என் பேரன் கற்றுக்கொடுத்ததை நான் மறந்துவிட்டேன். பாடம் மறந்த வாத்தியாருக்குத் தண்டனை என்று ஏற்றுக்கொண்டேன்.

இதற்கெல்லாம் மாறாக, தவறாமல் வீட்டு வாசலுக்கே வரும் பஸ் ஒன்று உண்டு. எழுபதுகள் தொட்டு, ஜெலாப்பாங், தாசெக் பக்கத்துத் தொழிற்சாலைகள் நம் பெண்களை வேலைக்கு எடுத்தபோது, ‘பஸ் கிலாங்’ வந்தது. விடியற்காலை ஐந்தரைக்கு வீடமைப்புப் பகுதியின் கடைசிச் சந்து வரை நுழைந்து, ஹார்ன் அடித்து, தூக்கக் கலக்கத்தோடு ஓடிவரும் பெண்ணுக்காக ஒரு நிமிஷம் காத்திருந்து ஏற்றிக்கொள்ளும். இந்த அக்கறையைப் பார்த்து நான் முதலில் மகிழ்ந்தேன். பிறகு பால் லோரி ஞாபகம் வந்தது. அந்தப் பெண் ஓய்வு பெற்ற மறுநாள் அதே பஸ் அதே சந்துக்கு வருகிறது; அவளுக்கு அதில் இடமில்லை. முப்பது ஆண்டு வீட்டு வாசலில் ஏறியவள், ஐம்பத்தைந்து வயதுக்குமேல், மருந்து வாங்க, வெயிலில், சிம்பாங் வரை நடக்கிறாள்.

6

எதிர்வாதம் ஒன்றுக்கு விடை சொல்லிவிட்டு முடிக்கிறேன். “இக்காலத்தில் வீட்டுக்கொரு கார் இருக்கிறதே, பஸ்ஸில் ஏற ஆள் ஏது?” என்பார்கள். வீட்டுக்கொரு கார் இருப்பது மெய்யே. அந்தக் கார் காலை ஆறரைக்கு மகனோடு வேலைக்குப் போய் இரவு ஏழுக்குத் திரும்புகிறது என்பதும் மெய். இடைப்பட்ட பன்னிரண்டரை மணி நேரமும் அந்த வீட்டிலுள்ள கிழவனும் கிழவியும் மருமகளும் கார் இல்லாதவர்களே. ஆள் இல்லாததால் பஸ் வரவில்லை என்பதும், பஸ் வராததால் ஆள் இல்லை என்பதும், ஒன்றையொன்று துரத்தும் இரண்டு கோழிகள்; எது முதலில் நிற்கவேண்டும் என்றால், காசு வைத்திருப்பவன்தான் நிற்க வேண்டும். அரசாங்க மானியத்தோடு பஸ் வண்டிகள் ஈப்போவில் ஓடுகின்றன, சுத்தமான வண்டிகள். அவை போகும் தடங்கள் பெரும்பாலும் பெருவழித் தடங்கள்.

தமிழ்நாட்டில் 2021-ல் மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமில்லாப் பிரயாணம் கொடுத்தபோது, இங்கேயும் அதுபோல் வேண்டுமென்று நம் நண்பர்கள் சிலர் தீர்மானம் போட்டார்கள். அங்கே அதற்கு முன்பே ‘டவுன் பஸ்’ என்ற பெயரில் கிராமத்து ஆலமரம் வரை பஸ் போய்க்கொண்டிருந்தது. பெரிய பஸ் நுழையாத இடங்களுக்கு 1997-லேயே மினி பஸ் திட்டம் வகுத்தார்கள். பஸ் வந்த பிறகு கட்டணத்தைக் குறைத்தார்கள். வராத பஸ்ஸில் இலவசமாகப் போவது எப்படி? நாம் கேட்கவேண்டியது சிறியது: பன்னிரண்டு பேர் உட்காரும் வேன் ஒன்று, பழைய தோட்டப் பகுதிகளிலிருந்து சிம்பாங் வரை, குறித்த நேரத்துக்கு, நாளைக்கு நான்கு தடவை. நேரம் தவறாத நான்கு தடவை போதும். நேரம் தெரியாத இருபது தடவையால் பயனில்லை. ஆண்டுக்கொரு தேர்த்திருவிழாவுக்கு ஆயிரக்கணக்கில் திரட்டத் தெரிந்த ஆலய நிர்வாகங்கள் இதில் ஒரு பங்கு ஏற்கலாம் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். புந்தோங்கிலிருந்து கல்லுமலைக்குத் தைப்பூச ரதத்தை இழுத்துச் செல்லும் சமூகத்துக்கு ஒரு வேனை ஓட்டுவது பெரிய காரியம் அன்று.

இன்னொன்றும் செய்யலாம். பல தமிழ்ப்பள்ளிகள் வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறிய பிறகும் பழைய தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பள்ளிகளின் தலைமையாசிரியர்கள் தங்கள் வட்டாரத்தில் எந்தெந்தச் சிம்பாங்கில் ஒருகாலத்தில் எந்த நேரத்துக்கு பஸ் நின்றது, எந்த ஆண்டில் நின்றுபோயிற்று என்பதை முதியவர்களிடம் கேட்டு மாணவர்களைக் கொண்டு எழுதி வைக்க வேண்டும். அதிகாரிகளிடம் மனுக் கொடுக்கும்போது, “எங்களுக்கு பஸ் வேண்டும்” என்று எழுதுவதைவிட, “எங்களிடமிருந்த காலை ஏழேகால் பஸ்ஸைத் திருப்பிக் கொடுங்கள்” என்று எழுதுவதற்கு வலு அதிகம்.

இவ்வறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாருக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. பேச்சின் நடுவில் தேநீர் தந்த அம்மையாரிடம், மேடைக்கு வருமுன் எப்படி வீடு திரும்புவீர்கள் என்று விசாரித்தேன். அவர் ஊருக்குக் கடைசி பஸ் ஏழு மணிக்கு. இப்போது மணி ஏழரை ஆகிறது. இன்று அவரைத் தம் காரில் கொண்டுபோய் விடுவதாகச் செயலாளர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த ஆண்டுச் சொற்பொழிவைத் தயவுசெய்து காலையில் வையுங்கள்.